ஒண்டுக்குடித்தனம் வந்த டேப் டிரைவ்

1983-ஆம் வருஷம் ஐபிஎம் நிறுவனம் தன் எக்ஸ்டி கம்ப்யூட்டரை 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் விற்கத் தொடங்கியபோது, அதுவரை ஃபிளாப்பிகளில் சிதறிக் கிடந்த கணக்குகளும் கடிதங்களும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்த சௌகரியத்தோடு, அவ்வளவும் ஒரே க்ஷணத்தில் நாசமாகிவிடக்கூடும் என்ற பயமும் கூடவே வந்து சேர்ந்தது. அந்த டிஸ்க் முழுவதையும் பிரதி எடுக்க, 360 கிலோபைட் ஃபிளாப்பிகள் ஏறக்குறைய 30-ஐ ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி எடுக்க வேண்டியிருந்தபடியால், அந்தக் கைங்கரியத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாத மனிதர் அபூர்வம்.

இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக வந்தது காந்த நாடா. பெரிய கம்ப்யூட்டர்கள் 1952-லேயே ஐபிஎம் 726 போன்ற யந்திரங்களின் மூலம் அதைப் பிரயோகித்து வந்தன. மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்ததோ, 3எம் நிறுவனம் 1972-ல் வெளியிட்ட கால் அங்குல நாடாக் காட்ரிட்ஜின் வம்சத்தில் பிறந்த மினி காட்ரிட்ஜ். தனியாக ஒரு கண்ட்ரோலர் கார்டு வாங்கும் செலவு சாமானியருக்குக் கட்டுப்படியாகாது என்பதை உணர்ந்து, கியூஐசி-40, கியூஐசி-80 என்ற தர நிர்ணயங்களை வகுத்தவர்கள் டேப் டிரைவை ஃபிளாப்பியின் கண்ட்ரோலரிலேயே ஒண்டுக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். நாடாவைப் பற்றி ஏதுமறியாத அந்தக் கண்ட்ரோலர், ஃபிளாப்பியின் தலையை நகர்த்துவதாக நினைத்து அனுப்பும் துடிப்புகளை டேப் டிரைவ் எண்ணிப் பார்த்து, இத்தனை துடிப்புக்கு இன்ன கட்டளை என்று அர்த்தம் செய்துகொண்டது. சாமர்த்தியத்தில் இதற்கு ஈடான ஏற்பாட்டை அந்நாளைய கம்ப்யூட்டர்களில் நான் கண்டதில்லை.

ஆயினும் சிக்கனத்துக்கு விலை உண்டு. ஃபிளாப்பியின் வேகத்துக்கு மேல் போக வழியில்லாமல், 28 தடங்களில் முன்னும் பின்னுமாக ஓடிய கியூஐசி-80 நாடாவை ஃபார்மட் செய்வதற்கே ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகும். தகவல் உரிய சமயத்தில் வந்து சேராவிட்டால் நாடா நின்று, சற்றுப் பின்வாங்கி, மறுபடியும் புறப்படும். 32 பகுதிகளுக்கு 3 வீதம் பிழை திருத்துவதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள் என்றால், அந்த மெல்லிய நாடாவிடம் அதை வடிவமைத்தவர்களுக்கே எவ்வளவு விசுவாசம் இருந்தது என்பது விளங்கும். கொலராடோ மெமரி சிஸ்டம்ஸ் விற்ற ஜம்போ 250-இன் பெயரிலிருந்த 250 மெகாபைட்டும், தகவல் பாதியாகச் சுருங்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கே.

அந்த நிறுவனத்தை 1992-ல் ஹெவ்லெட் பேக்கார்டு வாங்கியது. 1995-ல் டிராவன் என்ற அகன்ற நாடா 400 மெகாபைட்டோடு வந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்குகள் அதைவிட வேகமாகப் பெருத்துக்கொண்டே போயின, எழுதக்கூடிய சிடியும் மலிந்துவிட்டது. இன்று அலமாரியிலிருந்து எடுக்கப்படும் பழைய டிரைவுகள் பலவற்றில், நாடாவை ஓட்டும் ரப்பர் உருளை பிசினாக இளகிவிட்டிருக்கிறது. நாடாவில் எழுதியது அழியாமலே இருந்தாலும், அந்த உருளையை மாற்றாமல் அதைப் படிக்க மார்க்கமில்லை.