பேர் பதிவும் பேர் வெட்டும்: மலைத்தோட்டத் தமிழரின் வேலை அச்சம், ஒரு வரலாற்று நோக்கு

இடுக்கி மாவட்டம் என்றதும் நம் சங்க மலர்களில் முதலில் வருவது மங்கலதேவி கண்ணகி கோட்டம். அடுத்து 1956-ல் தேவிகுளம், பீருமேடு கைவிட்டுப் போன கதை. இரண்டும் எழுதத் தக்கவையே. ஆனால் அக்கோட்டத்தைச் சுற்றியுள்ள மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையிலும் ஏலத்திலும் உழைத்துவரும் நம்மவர் பற்றிய கட்டுரைகள் அருகியே காணப்படுகின்றன. அவர்களின் கூலி பற்றி எழுதியோர் உண்டு, போராட்டம் பற்றி எழுதியோரும் உண்டு. வேலை நிலைக்குமா நிலைக்காதா என்ற கவலை அவர்கள் மனசை என்ன பாடு படுத்தியது என்பது பற்றி என் கண்ணில் பட்டவை மிகக் கொஞ்சம். அதைத்தான் இங்கே பேச விழைகிறேன்.

நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லேன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். பாலக்காட்டில் பாத்திர வியாபாரம். முப்பது வருஷத்துக்கு மேல் நெல்லியாம்பதிக்கும் பீருமேட்டுக்கும் சரக்கு கொண்டு போய் வந்தவன். மலையில் நயினார் என்றால் யாருக்கும் விளங்காது, "செட்டியாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திருத்தியதில்லை. பற்று வரவு படிக்கத் தெரியும் என்பதே என் தகுதி. இந்த வரலாற்றில் பாதி பற்று வரவுதான்.

1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பீருமேட்டில் அதற்கு முன்பே காப்பி வந்துவிட்டது. காப்பியை இலைத்துரு நோய் தின்றது, பிறகு தேயிலை வந்தது. இந்தத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தவர்கள் கங்காணிகள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்த ஊர்களில் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள். போடியிலிருந்து கொட்டகுடி வழியாக ஒரு பாதை. கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி வழியாக இன்னொன்று. வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரில் சொந்த நிலம் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர்.

முன்பணம் என்பது பார்வைக்கு உதவி; கணக்கில் பற்று. பற்று தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-ல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எங்கள் கடையில் ஒருவர் குடத்துக்குக் கடன் சொல்லி ஊரை விட்டுப் போனால் அது சிவில் விவகாரம், நஷ்டம் எங்களோடு. தோட்டத்துக் கடனோ ஜெயிலுக்கு வழி. அச்சட்டம் நீங்க 1920களின் நடுப்பகுதி ஆயிற்று. இலங்கையில் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கடனைத் தீர்க்கிற புதிய தோட்டத்துக்கு ஆட்களை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதிக் கொடுப்பது அது. 1921-ல்தான் அம்முறை ஒழிந்தது. ஆளைச் சீட்டோடு கைமாற்றிய காலம் என்க.

அக்காலத்து அச்சம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நூலைப் பார்க்கலாம். நெல்லியாம்பதிக்கு அண்டை மலையான வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் அவர். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். 2013-ல் வந்த 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் தெரிந்திருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைமடுவம் எல்லாம் முதலாளியின் கடமையாயின. குடை, கம்பளி, மழைக்கோட்டு வரை அச்சட்டம் பேசியது. மனநலம் என்ற சொல் அதில் இல்லை; அக்காலத்தில் எந்தத் தொழிற்சட்டத்தில்தான் இருந்தது? கங்காணி முறை படிப்படியாக மறைந்தது, பேரேட்டில் பேர் ஏறியவர் 'பெர்மனென்ட்' ஆனார். மலையில் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு இருந்த மதிப்பு கவர்மென்ட் உத்தியோகத்துக்குக் கூட இல்லை எனலாம். பெண் கொடுக்கும்போதே "பையன் பெர்மனென்டா, டெம்பரவரியா" என்றுதான் கேட்பார்கள்.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. வீடு என்பது வேலையோடு சேர்ந்த வீடு. 58 வயதில் பேர் நீங்கினால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை என்பது பல தோட்டங்களின் வழக்கம். ஊரில் காணி இல்லை, வீடும் இல்லை. ஆகவே பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், காலேஜுக்குப் போகாமல் கூடையைத் தூக்குகிறாள் என்றால் படிப்பு வராமல் அல்ல, அப்பன் ஆத்தாள் தலைக்கு மேல் ஓடு வேண்டும் என்பதற்காக. ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "எம் பேரு போனா வீடு போகும் செட்டியாரே. வீட்டக் காப்பாத்த எம் மவ பேரக் குடுத்துட்டேன். ராத்திரி அத நெனச்சா தூக்கம் வரல." பக்கத்துவீட்டுக்காரி அதற்கு "தலைநோவு" என்று பேர் வைத்தாள். மலையில் மனநோய்க்கு அந்தப் பேர் கிடையாது. நெஞ்சடைப்பு, படபடப்பு, தலைநோவு, ஆண்களுக்கானால் குடி, சில சமயம் பேய். கோடாங்கி வரைக்கும் போவார்கள்.

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. நம் தேயிலைக்கு அதுவே பெரிய சந்தை. 1990களின் கடைசியில் விலை சரிந்தது. பீருமேட்டில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சம்பள பாக்கி, பணிக்கொடை, பி.எஃப். எல்லாம் நிலுவை. மூடிய தோட்டத்தில் பேர் வெட்டப்படவும் இல்லை, வேலை கொடுக்கப்படவும் இல்லை. வேலை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை; நாளைக்குத் திறப்பார்கள் என்ற பேச்சு மட்டும் வருஷக் கணக்கில் ஓடியது. இதைவிடக் கொடிய நிலை ஒன்றை நான் அறியேன். செத்தவனுக்குப் பதினாறாம் நாள் உண்டு, காணாமல் போனவனுக்கு என்ன உண்டு?

அந்த வருஷங்களில் என் வியாபாரம் தலைகீழானது. விற்கப் போன நான் எடைக்கு வாங்கத் தொடங்கினேன். முதலில் வந்தது ஸ்டீல் அண்டா. பிறகு குத்துவிளக்கு. கடைசியில்தான் கல்யாணச் சீர்ப் பித்தளைக் குடம் வரும். குடத்தில் பாட்டியின் பேரும் ஊர்ப் பேரும் வெட்டியிருக்கும்: சங்கரன்கோவில், கயத்தாறு, உத்தமபாளையம். பாத்திரத்தில் பேர் வெட்டுவது எங்கள் தொழில். இலங்கைத் தோட்டத் தமிழில் 'பேர் வெட்டுதல்' என்றால் வேலைநீக்கம். ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு பொருள். குடத்தைத் தராசில் வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கடைத்தெருவில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பேச்சும் இராது.

இந்தச் 'சும்மா உட்கார்தலை' ஆராய்ந்த பழைய நூல் ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரே ஒரு துணி மில்லை நம்பியிருந்தது, மில் மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூவர் அவ்வூரை ஆய்ந்து 1933-ல் வெளியிட்டனர். வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்குமே, நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது; கைக்கடிகாரம் கட்டுவதை விட்டார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை இருந்ததால் பொழுதின் ஒழுங்கு கெடவில்லை. மொழிபெயர்ப்பில் இதைப் படித்தபோது எனக்குப் பீருமேட்டுக் கடைத்தெருதான் கண்ணில் நின்றது. தோட்டத்துச் சங்கு நின்றுபோன பிறகு அங்கும் மணி என்ன என்று யாரும் கேட்பதில்லை. நம் காலத்தில் ஜெயசீலன் ராஜ் என்ற மானிடவியலாளர் பீருமேட்டு நெருக்கடியை விரிவாக ஆய்ந்து 2022-ல் நூலாக்கியுள்ளார். அவரும் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவரே என்பது நமக்குப் பெருமை.

மூணாறு வேறு வழியில் போயிற்று. 2005-ல் டாடா டீ விலகித் தொழிலாளர்களையே பங்குதாரராகக் கொண்ட கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி வந்தது. பங்குதாரர் என்றால் முதலாளி என்று நம் வியாபாரத்தில் பொருள். அந்த முதலாளிகள் 2015 செப்டம்பரில் மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததுதான் உடனடிக் காரணம். தினக்கூலி அப்போது 232 ரூபாய். 'பெண்பிளை ஒருமை' என்று பேர் பெற்ற அக்கிளர்ச்சியில் ஆண்களும் இல்லை, தொழிற்சங்கத் தலைவர்களையும் அண்டவிடவில்லை. போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள், பிறகு கூலி 301 ஆயிற்று. 500 கேட்டிருந்தார்கள். லயங்கள் மட்டும் பழையபடியே. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் மாண்டனர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. வேலைக்காக அந்த வீடு, அந்த வீட்டுக்காக வேலை என்று வாழ்ந்தவர்கள்.

பேரேட்டில் ஒருபோதும் பேர் ஏறாதவர்கள் ஏலத்தோட்டப் பெண்கள். தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏறி, இருட்டும்போது இறங்குகிறார்கள். மழை பெய்தால் கூலி இல்லை, ஏலம் விலை இறங்கினால் ஆள் குறைப்பு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் எல்லை அடைந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவால் அடைந்தது. அணை அரசியலில் இந்தப் பெண்களுக்கு என்ன பங்கு? அடுப்பு எரியாதது அவர்கள் வீட்டில்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். கேரளத்தின் விகிதம் லட்சத்துக்கு 28.5, நாட்டின் சராசரி 12.4. கல்வியிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னிற்கும் மாநிலம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2017-ன் மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் டாக்டர் தூக்க மாத்திரை எழுதுகிறார். பணிக்கொடை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. மூடிய தேயிலைத் தோட்டங்களின் பாக்கி பற்றி 2006-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 2010-ல் உத்தரவு வந்தது. எட்டு வருஷம் கழித்து, 2018-ல், அவமதிப்பு மனுவில் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் சிலருக்கேனும் அந்த லயங்களில் தாத்தா பாட்டி இருந்திருப்பார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு எது கிடந்தாலும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பாக்கி கேட்கவும் அது வேண்டும், வரலாறு எழுதவும் வேண்டும். நம் பிள்ளைகள் இறங்கிப் போன தோட்டங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். கங்காணி இருந்த இடத்தில் ஏஜென்ட். சென்ற முறை நான் போனபோது ஒரு பையனிடம் எத்தனை மாசம் இருப்பாய் என்று கேட்டேன். ஏஜென்டிடம் வாங்கிய பணம் கழியும் வரை என்றான்.