25 சீசன், ஒரே கிளப்... டிஃபண்டர் பாவ்லோ மால்டினியின் கதை!

மெஸ்ஸி எத்தனை கோல் அடிச்சிருக்கார்னு கேட்டா, கூகுள் பண்ணி டக்குனு சொல்லிடுவீங்க. ஒரு டிஃபண்டர் எத்தனை கோலைத் தடுத்திருக்கார்னு கேட்டா? அதுக்குக் கணக்கே கிடையாது. ஸ்கோர்போர்டில் இடமில்லாத வேலை அது. ஆனால், ஒரே ஒரு தப்பு நடந்தால் போதும். அதை மட்டும் ரீப்ளேவில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள்.

அப்படிப்பட்ட வேலையை 25 சீசன்கள், ஒரே கிளப்புக்காகச் செய்தவர் இத்தாலியின் பாவ்லோ மால்டினி. நீங்கள் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கும் முன்பே அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனாலும், தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்!

அப்பா போட்ட பாதை

1968 ஜூன் 26 அன்று மிலன் நகரில் பிறந்தார் பாவ்லோ. அப்பா சீசரே மால்டினி சாதாரண ஆள் இல்லை. 1963-ல் ஏ.சி.மிலன் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். 'அப்பா பெயரால் வந்தவன்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற சுமையோடுதான் மகனின் ஆட்டம் தொடங்கியது.

1985 ஜனவரி 20. உதினேசே அணிக்கு எதிரான மேட்ச். காயம்பட்ட வீரருக்குப் பதிலாக 16 வயதுப் பையனாக உள்ளே இறங்கினார். அடுத்த சீசனிலேயே அணியில் நிரந்தர இடம்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

மால்டினி வலது கால் ஆட்டக்காரர். ஆனால் விளையாடியது இடது பக்க டிஃபன்ஸில். இரண்டு காலையும் சமமாகப் பயன்படுத்தப் பழகிக்கொண்டார். எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு கால் தயாராக இருக்கும்!

இன்னொரு விஷயம், அவர் விழுந்து புரண்டு டேக்கிள் செய்வது குறைவு. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து, அங்கே போய் நின்றுவிடுவார். டிவியில் பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். அதுதான் அவர் திறமை. வயது ஏறி வேகம் குறைந்தபோது நடு டிஃபன்ஸுக்கு மாறினார். கால் தளர்ந்தாலும் கணிப்பு தளரவில்லை.

தசோட்டி, கோஸ்டகுர்டா, பரேசி, மால்டினி... இந்த நால்வர் கூட்டணி எதிரணிகளுக்குச் சிம்ம சொப்பனம். 1991-92 சீசனில் ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது மிலன். 1993-94 லீக்கில் 34 மேட்ச்களில் அந்த அணி வாங்கிய கோல்கள் வெறும் 15.

கோப்பையும் கண்ணீரும்

கிளப் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். மிலனுக்காக 902 மேட்ச்கள். 7 இத்தாலி லீக் பட்டங்கள். 1989, 1990, 1994, 2003, 2007 என 5 முறை ஐரோப்பிய சாம்பியன். 2003-ல் அவர் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியது இங்கிலாந்து மண்ணில். சரியாக 40 வருடங்களுக்கு முன்பு அப்பா தூக்கியதும் அதே இங்கிலாந்தில்தான்!

ஆனால், நாட்டுக்காக ஆடியபோது கதையே வேற. 126 மேட்ச் ஆடியும் ஒரு பெரிய கோப்பைகூட இல்லை. 1990, 1994, 1998 என மூன்று உலகக் கோப்பைகளிலும் இத்தாலியை வெளியேற்றியது பெனால்டி ஷூட்அவுட். அதில் 1994-ல் நடந்தது ஃபைனல். 2000 யூரோ ஃபைனலில் கடைசி நிமிடங்கள் வரை முன்னிலையில் இருந்து, பிரான்ஸின் 'கோல்டன் கோலில்' தோற்றார்கள். 2002 உலகக் கோப்பையில் தென் கொரியாவின் ஆன் ஜங் ஹ்வான், மால்டினிக்கு மேலே எகிறித் தலையால் முட்டிய பந்து கோல்டன் கோலானது. அதோடு நாட்டு ஜெர்ஸியைக் கழற்றினார். நான்கே வருடங்களில், 2006-ல் இத்தாலி உலக சாம்பியன். அந்த அணியில் அவர் இல்லை.

2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலும் அப்படித்தான். லிவர்பூலுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தவர் மால்டினி. இடைவேளையில் 3-0. கடைசியில் பெனால்டியில் தோல்வி. ஆனால் 2007-ல் அதே லிவர்பூலை 2-1 என வென்று கோப்பையைத் தூக்கினார். அப்போது வயது 38!

அந்த விசில் சத்தம்

நம்ம ஊரில் விசில் அடித்தால் கொண்டாட்டம். இத்தாலி மைதானத்தில் விசில் என்றால் அவமதிப்பு. 2009 மே 24, சொந்த மைதானமான சான் சிரோவில் மால்டினியின் கடைசி மேட்ச். ரோமாவிடம் 3-2 தோல்வி. விடைபெற மைதானத்தைச் சுற்றி வந்தபோது, மொத்த ஸ்டேடியமும் கைதட்ட, அவரோடு பழைய மனக்கசப்பில் இருந்த தீவிர ரசிகர் கூட்டம் ஒன்று விசில் அடித்தது.

ஒரு வாரம் கழித்து, ஃபியோரென்டினாவின் மைதானத்தில் நிஜமான கடைசி மேட்ச். எதிரணி ரசிகர்களே அவருக்காகக் கைதட்டினார்கள்.

மிலன் கிளப் அவருடைய 3-ம் நம்பர் ஜெர்ஸிக்கு ஓய்வு கொடுத்தது. அவர் மகன்கள் சீனியர் அணிக்கு ஆடினால் மட்டும் அதை அணியலாம் என்று சலுகை. இளைய மகன் டேனியல் மிலனுக்கு ஆடவும் செய்தார். அணிந்தது 27-ம் நம்பர்.

பின்னர் மிலனுக்குத் திரும்பி டெக்னிக்கல் டைரக்டரான மால்டினியின் காலத்தில், 11 வருடங்களுக்குப் பிறகு 2022-ல் அந்த அணி லீக் பட்டம் வென்றது. அடுத்த வருடமே பதவி போனது.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது, ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரு டிஃபண்டரை மட்டும் கவனியுங்கள். எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று பாருங்கள். மால்டினி 902 மேட்ச்களில் செய்த வேலை உங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும்.