மார்ட்டின் கார்ட்னர்

மார்ட்டின் கார்ட்னர் (21 அக்டோபர் 1914 – 22 மே 2010) அமெரிக்க எழுத்தாளர். ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ மாத இதழில் 1957 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ‘கணித விளையாட்டுகள்’ என்ற பத்தியை எழுதினார். பல்கலைக்கழகங்களுக்குள் இருந்த கணிதக் கருத்துகளைச் சாதாரண வாசகரின் மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் இவருக்கு இணையாகச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. இவர் கணித அறிஞர் அல்லர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இவர் பட்டம் பெற்றது தத்துவத்தில். கணிதம் படித்தது உயர்நிலைப் பள்ளியோடு சரி.

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்த கார்ட்னருக்குச் சிறு வயதிலேயே செப்பிடு வித்தையில் பித்து. அந்த ஈடுபாடு கடைசிவரை குறையவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணிபுரிந்தார். பிறகு குழந்தைகளுக்கான ‘ஹம்ப்டி டம்ப்டி’ இதழில், வெட்டியும் மடித்தும் விளையாடும் பக்கங்களை எட்டு ஆண்டுகள் தயாரித்தார். வித்தை காட்டுபவர் விடையை உடனே சொல்ல மாட்டார். குழந்தைக்கு எழுதுபவர் கைக்கு வேலை கொடுக்காமல் பேச மாட்டார். இந்த இரண்டு பழக்கங்களும்தான் பின்னாளில் அவருடைய கணித எழுத்தின் முறையாயின.

பத்திக்கு வழிவகுத்தது, மடித்த காகித அறுகோணம் ஒன்றைப் பற்றி அவர் ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழில் 1956 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரை. பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆர்தர் ஸ்டோன் என்னும் ஆங்கிலேயர், அமெரிக்கத் தாள் தம்முடைய கோப்புக்குள் அடங்காததால், 1939-இல் ஓரத்தைக் கத்தரித்தார். மிஞ்சிய பட்டைகளைச் சும்மா மடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அதிசய அறுகோணம் கையில் கிடைத்தது. இதை ஆராய அங்கே ஒரு சிறு குழுவே கூடியது. பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபெயின்மன் அதில் ஒருவர்.

பழைய காலண்டர் தாளில் நாமே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பட்டையில் பத்துச் சமபக்க முக்கோணங்களை வரிசையாக வரைந்து, மும்மூன்றாக மடித்து, பத்தாவதை முதலாவதோடு ஒட்ட வேண்டும். கிடைக்கும் அறுகோணத்தில் ஒன்றுவிட்டு ஒரு மூலையாக மூன்று மூலைகளைக் கீழ்நோக்கிக் கிள்ளிச் சேர்த்தால், நடுவே மொட்டு அவிழ்வதுபோல் தாள் விரியும். அதுவரை எங்கும் தெரியாத மூன்றாவது முகம் வெளியே வரும். கணக்கு இடிக்கவில்லை: ஒட்டியது போக ஒன்பது முக்கோணங்கள், இரு பக்கமும் சேர்த்து பதினெட்டு, முகத்துக்கு ஆறு வீதம் மூன்று முகங்கள். ஆனாலும் அது கையில் விரியும்போது ஏற்படும் வியப்பை இந்தக் கணக்கு குறைப்பதில்லை. கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட பதிப்பாளர், இதுபோல மாதம் ஒன்று எழுத முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் கார்ட்னர் நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் கணித நூல்களைத் தேடத் தொடங்கினார்.

தம் எழுத்து வெற்றிபெற்றதற்குத் தமக்குக் கணிதம் அதிகம் தெரியாததே காரணம் என்று அவர் சொல்வதுண்டு. ஒன்றைப் புரிந்துகொள்ளத் தாம் பட்ட பாடு நினைவில் இருந்ததால், வாசகர் எங்கே இடறுவார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதை வெறும் தன்னடக்கம் என்று தள்ளிவிட முடியாது. எளிமைப்படுத்துகிறேன் என்று கருத்தின் உயிரை எடுத்துவிடும் எழுத்து நிறைய உண்டு. கார்ட்னர் கருத்தை இறக்கவில்லை. ஏறுவதற்குப் படி வைத்தார்.

கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜான் கான்வேயின் ‘உயிர் விளையாட்டு’ 1970 அக்டோபர் பத்தியில் வெளியானது. கட்டம் போட்ட தாளும் சில பொத்தான்களும் இருந்தால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு அண்டைக் கட்டங்கள். இரண்டு அல்லது மூன்று அண்டையர் உள்ள பொத்தான் பிழைக்கும், மற்றவை மடியும். சரியாக மூன்று அண்டையர் உள்ள வெற்றுக் கட்டத்தில் புதிது பிறக்கும். விதி அவ்வளவே. முடிவில்லாமல் வளரும் அமைப்பு இதில் இருக்காது என்பது கான்வேயின் ஊகம். தீர்த்து வைப்பவருக்கு 50 டாலர் பரிசும் அறிவித்தார். ஒரு மாதம் கழித்து எம்.ஐ.டி.யில் பில் காஸ்பரின் குழு, 30 தலைமுறைக்கு ஒரு முறை, நகரும் உருவொன்றை உமிழ்ந்துகொண்டே இருக்கும் ‘துப்பாக்கி’யைக் கண்டுபிடித்து அந்த ஊகத்தைப் பொய்யாக்கியது.

1977 ஆகஸ்ட் பத்தி, ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய மறைகுறியீட்டு முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதனுடன் 129 இலக்க எண் ஒன்று சவாலாக வைக்கப்பட்டது. அதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகலாம் என்பது அப்போதைய மதிப்பீடு. இணையம் வழியாக ஏறத்தாழ 600 தன்னார்வலர்களின் கணினிகள் இணைந்து 1994-இல் அதைப் பிரித்துவிட்டன.

தமிழருக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இவரது பத்தியில் உண்டு. 1975 ஏப்ரல் இதழில், முட்டாள்கள் தினத்துக்காகச் சில பொய்க் கண்டுபிடிப்புகளை மெய்போலவே எழுதினார். அவற்றில் ஒன்று: 163-இன் வர்க்கமூலத்தைப் ‘பை’யால் பெருக்கி, அதை ‘இ’ என்ற மாறிலியின் அடுக்காக வைத்தால் முழு எண் கிடைக்கும் என்று ஸ்ரீனிவாச இராமானுஜன் ஊகித்தார் என்பது. உண்மையான விடை 262537412640768743.99999999999925 எனப் போகும். முழு எண்ணுக்கு மயிரிழையில் தவறுகிறது. பிரெஞ்சு அறிஞர் ஹெர்மித் 1859-லேயே இதை அறிந்திருந்தார். இராமானுஜன் 1914-இல் எழுதிய கட்டுரையில் இருப்பவை இதே இனத்தைச் சேர்ந்த வேறு எண்கள். இருந்தும் அந்த எண்ணுக்கு ‘இராமானுஜன் மாறிலி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பத்தியின் பெருமைக்கு மிகச் சிறந்த சான்று என்று இக்கட்டுரை கருதுவது மார்ஜரி ரைஸை. சான் டியேகோவைச் சேர்ந்த இல்லத்தரசி, ஐந்து பிள்ளைகளின் தாய், பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காதவர். ஒழுங்கான ஐங்கோணத்தால் இடைவெளியின்றித் தரை பாவ முடியாது. அதன் கோணமான 108 பாகை 360-ஐ மீதியின்றி வகுக்காது. ஆனால் ஒழுங்கற்ற ஐங்கோணங்களில் சில வகைகளால் முடியும். அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது என்று அறிஞர்கள் நம்பியதைக் கார்ட்னர் 1975-இல் எழுதினார். ஒரு வாசகர் விடுபட்ட வகை ஒன்றை அனுப்பினார். மகனுக்காக வரவழைத்த இதழில் இதையெல்லாம் படித்த ரைஸ், தாமே ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டு, சமையல் மேடையில் படம் வரைந்து வரைந்து தேடினார். யாராவது வந்தால் தாளை மூடி வைத்துவிடுவார். 1977-க்குள் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். கார்ட்னர் அவற்றை டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியருக்கு அனுப்பி வைக்க, அவர் சரிபார்த்து உலகறியச் செய்தார். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் முகப்புக்கூடத் தரையில் ரைஸின் பாவல் வடிவம் பதிக்கப்பட்டுள்ளது.

லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ நூல்களுக்குக் கார்ட்னர் எழுதிய உரை 1960-இல் வெளிவந்தது. அவருடைய நூல்களில் மிகுதியாக விற்றது அதுவே. அவரைப் போற்றும் கணித அறிஞர்களும் வித்தைக்காரர்களும் புதிர்க்காரர்களும் 1993 முதல் அட்லாண்டாவில் கூடிவருகிறார்கள்.

பத்திகள் அனைத்தும் 15 தொகுதிகளாகக் கிடைக்கின்றன. படிக்க விரும்புவோர் முதல் தொகுதியின் முதல் கட்டுரையிலேயே தொடங்கலாம். அது அந்தக் காகித அறுகோணத்தைப் பற்றியது. கத்தரிக்கோலும் பசையும் பக்கத்தில் இருக்கட்டும்.