வெண்கருப் புரதங்களும் உப்பும்

நீரில் கரைந்த உப்பின் அளவையும் வகையையும் பொறுத்துப் புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் விலகுவதும் மாறும்.   உப்பு புரதத்தை என்ன செய்கிறது என்று பார்க்க நாமக்கல் பண்ணை முட்டை ஒன்றே போதும்.

வெண்கருவைத் தனியே பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைப் பல மடங்கு சேர்த்துக் கலக்கினால் கரைசல் பால்போல் கலங்கும். உப்பின் செறிவு குறைந்ததால் குளோபுலின் போன்ற சில புரதங்கள் திரள்கின்றன. ஒரு சிட்டிகை உப்பிட்டால் கலங்கல் பெரும்பாலும் தெளியும். உப்பின் அயனிகள் புரதங்களின் எதிரெதிர் மின்சுமைகளை மறைப்பதே காரணம். இது உள்ளுப்பாதல். மாறாக, அம்மோனியம் சல்ஃபேட்டைப் பாதித் தெவிட்டும் அளவுக்குச் சேர்த்தால் குளோபுலின்கள் வீழ்படியும். முழுதும் தெவிட்டினால் மற்றொரு வெண்கருப் புரதமான ஓவால்புமினும் வீழ்படிந்துவிடும். இது வெளியுப்பாதல். அம்மோனியம் சல்ஃபேட் வயலுக்கு உரமாகவும் இடப்படுகிறது.

இத்துறையின் தொடக்கமே கோழிமுட்டைதான். பிராக் நகரில் அறிவியலாளர் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர், வெண்கருப் புரதத்தை வீழ்படிய வைக்க ஒவ்வோர் உப்பும் எவ்வளவு தேவை என்று பொறுமையாக அளந்து 1888இல் வெளியிட்டார். வீழ்படிய வைப்பதில் சல்ஃபேட் வலியது, குளோரைடு நடுவே, தயோசயனேட் கடைசி. இந்த வரிசை இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. அடுத்து ஓவால்புமினைப் படிகமாக்கியவரும் அவரே. 1923இல் அறிவியலாளர்கள் டெபையும் ஹூக்கெலும் கரைசலில் உள்ள அயனிகளின் மின்புலத்தைக் கணக்கிட்டனர். 1925இல் வேதியியலாளர் கோன், உப்புச்செறிவு ஏற ஏறப் புரதத்தின் கரைதிறனின் மடக்கை நேர்கோட்டில் குறைவதை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். உப்பு நீரைப் பிடுங்கிக்கொள்வதாக ஹோஃப்மைஸ்டர் தந்த விளக்கம் நிற்கவில்லை. அயனிக்கும் புரதப் பரப்புக்கும் இடையிலான நேரடி ஊடாட்டமே முதன்மைக் காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

இதற்கு வெண்கருவின் லைசோசைமே சாட்சி. நேர்மின்சுமை மிகுந்த இப்புரதத்தில், குறைந்த உப்பில் வரிசை தலைகீழாகி, தயோசயனேட்டே முதலில் வீழ்த்தும். கார pH-இல் ஏறத்தாழ 5% சாப்பாட்டு உப்பிட்டு வெண்கருவிலிருந்தே லைசோசைமைப் படிகமாக்கும் முறையை 1946இல் ஆல்டர்டனும் ஃபெவோல்டும் வெளியிட்டனர்.

இன்று ஊசிமருந்துப் புரதங்கள் திரளாமல் காக்கவும், எக்ஸ்ரே ஆய்வுக்குப் படிகம் வளர்க்கவும் உப்பின் வகையும் அளவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.