அவுட்சோர்ஸ்ட் - ராத்திரி ஷிஃப்ட்டை வெச்சு ஒரு சிரிப்பு நாடகம்

ஓசூர்க்காரங்களுக்கு ஷிஃப்ட்டுங்கிறது புதுசு கிடையாது. சிப்காட் வந்ததுல இருந்தே லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு கம்பெனி பஸ் ஓடாத நேரம் ஊர்ல குறைவு. ஆனா 2000க்கு அப்புறம் ஓசூர் ரோட்டுல இன்னொரு வகை ராத்திரி வண்டி ஓட ஆரம்பிச்சுது. சுமோ, குவாலிஸ். உள்ளே 22, 23 வயசுப் பசங்க, பொண்ணுங்க. ஊரே தூங்கப் போற நேரத்துல இவங்க வேலைக்குப் போவாங்க. நியூயார்க்ல காலை 9 மணின்னா நமக்குக் குளிர்காலத்துல ராத்திரி ஏழரை. கால் சென்டர் பொழைப்பே அந்தக் கணக்குலதான் ஓடுச்சு.

இந்தப் பொழைப்பை வெச்சு அமெரிக்காக்காரன் ஒரு சிரிப்பு நாடகம் எடுத்தான். பேரு 'அவுட்சோர்ஸ்ட்'. என்பிசி டிவியில 2010 செப்டம்பர் 23ல ஆரம்பிச்சு 2011 மே 12ல முடிஞ்சுது. மொத்தம் 22 எபிசோட். ஒரே சீசன், அவ்வளவுதான். அது ஓடினப்போ நான் ஸ்கூல் பையன். அப்புறம் இன்ஜினியரிங் சேர்ந்து, ஹாஸ்டல்ல கைமாறின ஒரு ஹார்ட் டிஸ்க்லதான் முழுசாப் பார்த்தேன். இப்ப நானும் பொட்டி தட்டி, ராத்திரி கால் எடுக்குற ஆளு. அதனால இதோட வரலாறை ஒரு தடவை எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு.

முதல்ல கதை. டாட் டெம்ப்சின்னு ஒரு அமெரிக்க மேனேஜர். ரப்பர் வாந்தி, பிளாஸ்டிக் சாமான்னு கிண்டல் பொருள் விக்கிற கம்பெனி. ஒரு நாள் ஆபீஸ் வந்து பார்த்தா ஆர்டர் எடுக்குற டிபார்ட்மென்ட்டே காலி. எல்லாம் மும்பைக்குப் போயாச்சு. உனக்கு வேலை வேணும்னா நீயும் போன்னு அனுப்பிடுறாங்க. அங்க ராஜீவ், ஆஷா, மன்மீத், குப்தா, மதுரின்னு ஒரு கூட்டம். இதுக்கு மூலம் 2006ல ஜான் ஜெஃப்கோட் எடுத்த அதே பேர் கொண்ட சினிமா. அந்தப் படத்தை இந்தியாவுக்கே வந்து எடுத்தாங்க. சீரியலையோ லாஸ் ஏஞ்சலஸ்லயே செட் போட்டு முடிச்சுட்டாங்க.

இது வந்த நேரம் இருக்கே, அதைக் கொஞ்சம் பார்க்கணும். 2004 தேர்தல்லயே ஜான் கெர்ரி, வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புற முதலாளிங்களை தேசத் துரோகி ரேஞ்சுக்குத் திட்டினார். 'பெங்களூர்டு'னா வேலை பறிபோனவன்னு ஒரு வார்த்தையே அங்க உருவாச்சு. நம்ம பக்கத்து ஊர் பேரு அங்க வினைச்சொல்! 2009 மே மாசம் ஒபாமா, பஃபலோவுல வேலை குடுக்கிறவனை விட பெங்களூர்ல குடுக்கிறவனுக்கு வரி குறைவா இருக்குன்னு பேசினார். 2010 ஆகஸ்ட்ல விசா கட்டணத்தை ஏத்துறப்போ, செனட்டர் சூமர் இன்ஃபோசிஸ் பேரைச் சொல்லியே திருட்டு வண்டியைப் பிரிச்சு விக்கிற கடையோட ஒப்பிட்டார். அது நடந்து அடுத்த மாசம்தான் இந்த சீரியல். அமெரிக்காவுல வேலையில்லாதவங்க 9 சதவீதத்துக்கும் மேல. வேலை போன மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவி போட்டா, அந்த வேலை போன இடத்தைக் காட்டி சிரிடான்னா எப்படிச் சிரிப்பான்? அங்க ஒரு கூட்டம் கடுப்பானதுக்கு இது ஒரு காரணம்.

இன்னொரு கூட்டம் விமர்சகர்கள், அமெரிக்க வாழ் இந்தியர்கள். சாப்பாடு சாப்பிட்டா வயிறு கலங்குது, ரோட்டுல மாடு, தலைப்பாகை, குப்தா பேரு - இதையே திரும்பத் திரும்பக் காமெடியா வெச்சா எப்படின்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அதே இந்தியர்கள்ல இன்னொரு பாதி சந்தோஷப்பட்டுச்சு. அதுவரைக்கும் அங்க டிவியில நம்மாளுன்னா கடைக்காரன் இல்ல டாக்சி டிரைவர், இல்லைன்னா சிம்ப்சன்ஸ்ல வர்ற கார்ட்டூன் அப்பு. அதுக்கும் குரல் குடுத்தது ஹாங்க் அசாரியாங்கிற வெள்ளைக்காரர். இங்க ஒரே நேரத்துல அஞ்சு முக்கிய பாத்திரம் இந்தியர்கள், அதுவும் வியாழக்கிழமை ராத்திரி, 'தி ஆபீஸ்' முடிஞ்ச கையோட. ரிஸ்வான் மஞ்சி, பர்வேஷ் சீனா, சச்சா தவான் எல்லாம் இதுல நல்லா வெளிச்சத்துக்கு வந்தாங்க. மதுரியா நடிச்ச அனிஷா நாகராஜன், ரஹ்மான் இசையமைச்ச 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004ல பிராட்வே போனப்போ அதுல கதாநாயகி. எழுத்தாளர் குழுவிலயும் இந்திய வம்சாவளி ஆளுங்க இருந்தாங்க. ஆக, இது முழுக்க வெள்ளைக்காரன் நம்மளைக் கிண்டலடிச்சதுன்னு ஒரே வரியில முடிச்சிட முடியாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்த சீரியலுக்கு இடம் குடுக்க என்பிசி தள்ளி வெச்சது எதைத் தெரியுமா? 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்'. அதுல நடிச்ச அசீஸ் அன்சாரியோட குடும்பம் நம்ம தமிழ்நாட்டுல இருந்து போனது. அதுல அவர் பாத்திரத்தோட பேரு டாம் ஹேவர்ஃபோர்ட். சொந்தப் பேரை வெச்சா அரசியல்ல வேலைக்காகாதுன்னு மாத்திக்கிட்டதாக் கதை. முன்னாடி ஓடின 'தி ஆபீஸ்'ல மிண்டி கேலிங். அவங்க அப்பா தமிழர், சொக்கலிங்கம். அந்தப் பேரைச் சுருக்கித்தான் கேலிங். ஆக அந்த ராத்திரியில நம்ம பேருங்க எல்லாம் மாறியோ சுருங்கியோதான் உள்ளே போயிருக்கு.

பேரு விஷயம் ஏன் எனக்கு முக்கியம்னா, எங்க தெருவுல ஒரு அண்ணன் 2000கள்ல கால் சென்டர்ல இருந்தார். ராத்திரியில அவர் பேரு கெவின். கம்பெனி குடுத்த பேரு. எந்தக் கம்பெனின்னு வேணாம், அப்ப நிறைய இடத்துல அதான் வழக்கம். இந்த சீரியலை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு எபிசோட் பார்த்துட்டு, "என்னடா தம்பி, இவங்கல்லாம் எப்பப் பாத்தாலும் கேன்டீன்லயே இருக்காங்க, கால் எப்ப எடுப்பாங்க?"ன்னு கேட்டார். எனக்கு எந்த விமர்சகர் எழுதினதை விடவும் இதுதான் சரியாப் பட்டுச்சு.

அவர் சொன்ன விஷயம் எல்லாம் அவங்க கையில எடுத்திருந்தா எவ்வளவு காமெடி தெரியுமா? ஒரு காலை இத்தனை நிமிஷத்துல முடிக்கணும்னு கணக்கு. கஸ்டமர் தன் பொண்டாட்டி செத்த கதையைச் சொல்லி அழுவார், இங்க கண்ணு கடிகாரத்து மேல. பாத்ரூம் போனாலும் சிஸ்டத்துல பிரேக் போட்டுட்டுப் போகணும். தீபாவளிக்கு லீவு கிடையாது, தேங்க்ஸ்கிவிங்குக்கு வாழ்த்து சொல்லணும். பகல்ல தூங்குற பையனைப் பாத்து பக்கத்து வீட்டு அக்கா "என்ன, வேலை போயிடுச்சா?"ன்னு கேக்கும். பயமும் இருந்துச்சு. 2005 டிசம்பர்ல பெங்களூர்ல ராத்திரி வேலைக்குக் கிளம்பின ஒரு பெண்ணைக் கேப் டிரைவர் ஒருத்தன் கொலை பண்ணினான். அதுக்கப்புறம்தான் பொண்ணுங்க வர்ற வண்டியில செக்யூரிட்டி ஆள் வைக்கிறது பரவலாச்சு. சீரியல்ல இதோட வாசனையே கம்மி. வேலையைப் பத்திச் சரியாத் தெரியாம வேலைக்காரங்களைப் பத்தி எழுதினா, மிச்சம் இருக்குறது மாடும் வயித்துப் போக்கும்தான்.

ஆக்சென்ட் மாத்திப் பேசுறதைச் சிலர் கேவலமாப் பார்ப்பாங்க. நான் அப்படிப் பார்க்கலை. ஓசூர்ல வளர்ந்தவனுக்கு அது தினப்படி. வீட்டுல தெலுங்கு, கடையில தமிழ், அத்திப்பள்ளி தாண்டினா கன்னடம். எதிராளிக்குப் புரியுற மாதிரிப் பேசுறது பொழைக்கிற புத்தி, அவ்வளவுதான். ஆனா வாயை மாத்துறதும் பேரை மாத்துறதும் ஒண்ணு இல்ல. நான் கன்னடத்துல பேசினாலும் என் பேரு என் பேருதான். அண்ணனுக்கு அது கூட இல்லை. அந்த வித்தியாசத்துல ஒரு நல்ல கதை இருந்துச்சு.

சரி, முடிவுக்கு வருவோம். 2011 ஜனவரியில 'பார்க்ஸ்' பழைய இடத்துக்குத் திரும்பி வந்துச்சு, 'அவுட்சோர்ஸ்ட்' ராத்திரி பத்தரைக்குப் போச்சு. ரேட்டிங் விழுந்து மே மாசம் மூடிட்டாங்க. இதுல இன்னொரு கூத்து: கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் போன்ல பேசுற கால் சென்டர் வேலையில பிலிப்பைன்ஸ் நம்மளை முந்திடுச்சுன்னு செய்தி வந்துச்சு. அமெரிக்காவுல இருந்து மும்பைக்கு வந்த வேலை மணிலாவுக்குக் கிளம்பிடுச்சு.

2020ல மிண்டி கேலிங் நெட்ஃபிளிக்ஸ்ல 'நெவர் ஹேவ் ஐ எவர்' கொண்டு வந்தாங்க. தமிழ்க் குடும்பம், தேவி விஸ்வகுமார்னு முழுப் பேரோட ஒரு பொண்ணு. நாலு சீசன் ஓடி 2023ல முடிஞ்சுது. அதையும் திட்டினவங்க உண்டு. ஆனா அங்க ஒரு வீட்டை உள்ளேயிருந்து பார்த்தவங்க எழுதினாங்க, அது தெரிஞ்சுது. கால் சென்டருக்கு அப்படி ஒருத்தர் இன்னும் அமையலை. அந்த அண்ணன் மாதிரி ஆயிரம் பேர் இருக்காங்க, இப்ப நாப்பது வயசைத் தொட்டிருப்பாங்க. யாராவது உக்காந்து எழுதினா ஓசூர் ரோட்டுலயே ஒரு சீரியல் எடுக்கலாம். கேன்டீன் சீனைக் கொஞ்சம் குறைச்சுக்கணும் :)

பி.கு: இதே சண்டை இங்கிலாந்துல முன்னாடியே நடந்துச்சு. 1977ல வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' கோடிக்கணக்குல பேர் பார்த்தும், வெளிநாட்டுக்காரங்களைக் கேலி பண்ணுதுன்னு 1979ல நிறுத்தினாங்க. அதுல ரஞ்சித் சிங்கா வந்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபி இல்லை. பிறந்தது இலங்கை கம்பளையில.