மாணாக்கரும் ஊராரும்: திறமூல மென்பொருளில் மாணவர் வழிகாட்டல் திட்டங்களின் வளர்ச்சி

முன்னுரை

திறமூல மென்பொருள் சமூகங்கள் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வழிகாட்டியின் பொறுப்பில், குறித்த காலத்துக்குள் முடியக்கூடிய வேலையைக் கொடுத்துப் பழக்கும் முறை 2005-இல் உலக அளவில் உருப்பெற்றது. அதன்பின் அந்த முறை பலமுறை திருத்தி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு திருத்தமும் முந்தைய ஆண்டுகளில் தென்பட்ட ஒரு குறையைச் சரிசெய்ய வந்ததுதான். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், மாணவரைத் தேர்ந்தெடுப்பதிலும் வேலையை அளந்து கொடுப்பதிலும் சமூகங்கள் நன்றாகத் தேறிவிட்டன என்பது தெரியும். மாணவர் செய்து முடித்த வேலையை அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குத்தான் இன்னும் சரியான திட்டமில்லை.

தமிழ்நாட்டு நிலை இதற்கு நேர்மாறு. இங்கே ஆண்டுக்கணக்கில் கலையாமல் இயங்கும் தன்னார்வக் குழுக்கள் உண்டு. கால வரையறையோடு திட்டமிட்ட மாணவர் வழிகாட்டல்தான் குறைவு. இந்த இரண்டையும் இணைப்பதே அடுத்த கட்ட வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கீழக்குயில்குடிச் சான்று

கற்பித்தலையும் கற்றவர் செய்த பணியையும் சேர்த்துப் பதிவு செய்யும் வழக்கத்துக்கு மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் ஒரு பழஞ்சான்று இருக்கிறது. அங்குள்ள சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இரண்டு இடங்களில் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழுள்ள கல்வெட்டு, குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர் என்றும், அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்றும் வரிசை சொல்கிறது. அமிர்தபராக்கிரம நல்லூர் என்றும் அழைக்கப்பட்ட குயிற்குடியின் ஊரார் பேரால் கனகவீரப் பெரியடிகள் அந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்கிறது. பள்ளிச் சிவிகையார் அதைக் காக்க வேண்டும் என்று முடிகிறது. பேச்சிப்பள்ளத்தில் சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அவர் பெயரோடு நிற்கிறது.

செட்டிப்புடவுக் கல்வெட்டு நான்கு கேள்விகளுக்கு விடை தருகிறது. யாரிடம் கற்றார்? செய்வித்தவர் யார்? யார் பேரால்? இனி யார் காப்பார்? சமயப் பள்ளிக்கும் மென்பொருள் சமூகத்துக்கும் இடையே நேரடி வாரிசுத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு சமூகம் கற்பித்தலின் வழியாகத் தன்னைத் தொடர விரும்பினால் எவற்றைத் தீர்மானித்தாக வேண்டும் என்பதற்கு இந்த நான்கும் பொருத்தமான அளவுகோல். அடுத்த பகுதிகள் இந்த அளவுகோலை வைத்து இன்றைய திட்டங்களைப் பார்க்கின்றன.

முதல் கட்டம்: 2005-இன் சோதனை

2005 கோடையில் கூகுள் நிறுவனம் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தைத் தொடங்கியது. கிறிஸ் டிபோனா அதை முன்னின்று நடத்தினார். முதலாண்டில் 40 திறமூல அமைப்புகளும் ஏறத்தாழ 400 மாணவர்களும் பங்கேற்றனர். வேலையை முடித்த மாணவருக்கு 4,500 டாலர், வழிகாட்டிய அமைப்புக்கு 500 டாலர் என்பது ஏற்பாடு. விடுமுறையில் வேறு வேலைக்குப் போய்விடும் மாணவர்களை நிரலாக்கத்தில் இருத்திவைப்பது நோக்கம்.

மாணவர் யார், வழிகாட்டி யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஏற்பாடு தெளிவாக விடை சொன்னது. இடைக்காலக் கண்காணிப்புதான் போதவில்லை. தடுமாறும் மாணவர் பருவ இறுதி வரை தடுமாறிக்கொண்டே இருக்க வாய்ப்பிருந்தது. 2006-இல் பாதிவழி மதிப்பீடு சேர்ந்தது. 2007-இல் நிரல் எழுதத் தொடங்கும் முன் சமூகத்தாரோடு பழகுவதற்கென்றே சில வாரங்கள் ஒதுக்கப்பட்டன. 2009-இல் அனுபவமுள்ள வழிகாட்டிகள் கூடி உட்கார்ந்து ஒரு கையேட்டையே எழுதி முடித்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தவருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்ற எண்ணம் அதோடு கைவிடப்பட்டது. வழிகாட்டுவது தனித் திறன், அதற்கும் பயிற்சி வேண்டும் என்பது ஏற்கப்பட்டது.

இரண்டாம் கட்டம்: யார் வருகிறார்கள்?

2006-இல், திறமூல மேசைத்தளச் சூழலை உருவாக்கும் க்னோம் அமைப்புக்கு ‘சம்மர் ஆஃப் கோட்’ வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. அந்த ஆண்டே பெண்களுக்கெனத் தனியான கோடைத் திட்டம் ஒன்றை க்னோம் நடத்தியது. 2010-இல் மரீனா ஜுராகின்ஸ்கயாவின் முயற்சியால் அது மீண்டும் தொடங்கி, 2015-இல் ‘அவுட்ரீச்சி’ என்னும் பெயரில் விரிந்தது.

இத்திட்டம் கொண்டுவந்த முக்கிய மாற்றம் தேர்வு முறையில்தான். விண்ணப்பதாரர் முதலில் அந்த மென்பொருளில் ஒரு சிறு பிழையையாவது திருத்தியோ ஆவணத்தின் ஒரு பகுதியைச் சீர்செய்தோ அனுப்ப வேண்டும். அதை வழிகாட்டி பார்த்துக் குறை சொல்ல, மாணவர் மறுபடி திருத்தி அனுப்ப, அந்தப் போக்குவரத்திலேயே இருவருக்கும் ஒத்துப்போகுமா என்பது தெரிந்துவிடும். கல்லூரிப் பெயரும் மதிப்பெண்ணும் பின்னுக்குப் போய், கைவேலை முன்னுக்கு வந்தது. ஆங்கிலப் பேச்சில் தயங்கும் சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு இதைவிட நியாயமான தேர்வு இல்லை.

பள்ளி மாணவருக்கும் இதே காலத்தில் ஒரு வழி திறந்தது. 2010 முதல் 2019 வரை நடந்த ‘கூகுள் கோட்-இன்’ போட்டியில் 13 முதல் 17 வயதுள்ளவர்கள் சில மணி நேரத்தில் முடியும் சிறு வேலைகளைச் செய்தனர். பெரிய வேலையை எப்படிச் சிறு துண்டுகளாக வெட்டுவது என்பதை அமைப்புகள் கற்றுக்கொண்டது இங்கேதான்.

மூன்றாம் கட்டம்: வேலையை அளத்தல்

பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், ‘சம்மர் ஆஃப் கோட்’ வேலை அளவு 175 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 2022-இல் 175, 350 என இரண்டு அளவுகள் வந்தன. மாணவர் அல்லாத தொடக்கநிலையினரும் சேரலாம் என்றானது. 2024-இல் 90 மணி நேர அளவும் சேர்ந்தது. ‘கோடைக்குள் முடி’ என்பது போய், வேலைக்கேற்ற காலம் என்ற நிலை வந்தது.

இதனால் திட்டப் பட்டியல் எழுதுவதே ஒரு கலையாயிற்று. இன்று ஒவ்வொரு திட்டக் குறிப்பிலும் விளக்கம், எதிர்பார்க்கும் விளைவு, வேண்டிய திறன், வழிகாட்டிகள், மணி நேரம், கடினத்தின் அளவு ஆகிய ஆறும் இருக்க வேண்டும். தமிழிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ‘தமிழ்ச் சொல்திருத்தியை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் அது ஆசை, திட்டமாகாது. ‘அந்த, இந்த, எந்த ஆகியவற்றை அடுத்துக் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொல் வந்தால் ஒற்று மிகுகிறதா என்று பார்த்து, “அந்த பையன்” என்பதை “அந்தப் பையன்” எனப் பரிந்துரைக்கும் விதியை எழுதுதல், சோதனைத் தொடர்களைத் தொகுத்தல், அவற்றில் சரியாக இயங்குவதைக் காட்டுதல்’ என்று எழுதினால் அது திட்டம். மாணவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். வழிகாட்டிக்கு எதைச் சரிபார்ப்பது என்று தெரியும். முடிந்ததா இல்லையா என்பதில் சண்டைக்கு இடமில்லை. அடுத்து வருபவர் இரண்டாம் வேற்றுமை விரிக்கான விதியை அதே அச்சில் எழுதிச் சேர்க்கலாம்.

ஆனாலும் நான்காவது கேள்வி தீரவில்லை. ஜெபர்சன் சில்வா, இகோர் ஸ்டைன்மாக்கர் உள்ளிட்டோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தில் சேரும் மாணவர்களைப் பெரிதும் ஈர்ப்பது பணி அனுபவமே என்றும், அதே சமூகத்தில் நிலையாகத் தொடர்வது பலருக்கு முதன்மை நோக்கமில்லை என்றும் காட்டியது. இதற்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது. படிப்பை முடித்து வேலைக்குப் போக வேண்டியவர் போகத்தான் செய்வார். அதை முன்கூட்டியே கணக்கில் எடுப்பது திட்டமிடுபவரின் கடமை.

தென்னாசிய அனுபவம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சகானா’ என்னும் பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினர். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய அது உதவியது. சமூகப் பயனுக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தரும் 2006-ஆம் ஆண்டு விருதைப் பெற்றது. ‘சம்மர் ஆஃப் கோட்’ மாணவர்களையும் அது ஏற்றது. அத்திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய கல்வி நிறுவனம் இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். 2003-இல் தொடங்கிய லங்கா சாஃப்ட்வேர் பவுண்டேஷன் போன்ற அமைப்புகளால் திறமூலப் பணி அங்கே முன்பே வேரூன்றியிருந்தது. கண்ணெதிரே சமூகம் இருந்தால் மாணவர் திட்டம் தழைக்கும் என்பதற்கு இது வலுவான சான்று.

கேரளத்தில் 2002-இல் தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங், 2007-லும் பிற்பாடும் ‘சம்மர் ஆஃப் கோட்’ வழிகாட்டி அமைப்பாகவே இடம்பெற்றது. ஒரு மொழியின் கணிமைத் தேவைகளையே மாணவர் திட்டங்களாக வகுக்க முடியும் என்று அது காட்டியது. மேற்கு வங்கத்து துர்காபூர் லினக்ஸ் குழு 2008 முதல் உதவித்தொகை எதுவும் இல்லாமல் இணைய அரட்டை வழியே கோடைப் பயிற்சி நடத்தியது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம், பாடநூல்களில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளை சைலேப் மென்பொருளில் எழுதும் வேலையை மாணவர்களுக்குத் தந்து, சரிபார்த்து, இலவசமாக வெளியிட்டது. ஒரு நூல், ஒரு மாணவர், ஒரு முடிவு. மாணவர் போன பின்பும் அதன் பயன் குறையாது.

தமிழ்நாடு: தொடர்ச்சியின் வலிமை

தமிழில் கூட்டுழைப்புக்குக் குறைவில்லை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கியது. யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்பதை ஒவ்வொரு நூலிலும் குறித்துவைத்தது. 1990-களின் இறுதியில் உருவான சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடிப் புதியவர்களுக்குக் கற்பித்தது. 2005-இல் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து நடத்திய தேசிய வள மையம், கட்டற்ற மென்பொருளை விருப்பப் பாடமாகப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், நித்யா துரைசாமி போன்றோரின் எளிய தமிழ்த் தொடர்களால் ஆங்கிலத் தயக்கத்தை உடைத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஊக்கத்தால் கல்லூரிகளில் லினக்ஸ் குழுக்கள் தோன்றின.

இவை எல்லாவற்றிலும் ‘யார் காப்பார்’ என்ற கேள்விக்கு விடை உண்டு. ஆள் மாறினாலும் குழு நிற்கிறது. ஆனால் வேலை அளவு, வாரக் கணக்கு, இடைமதிப்பீடு, எழுத்தில் இருக்கும் ஒப்படைப்பு ஆகியவை அரிது. ஆர்வத்தோடு வரும் மாணவர் ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்க, ‘பிடித்ததைச் செய்யுங்கள்’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். அன்பான பதில்தான். அடுத்த கூட்டத்துக்கு அவர் வராமல் போவதற்கும் பல வேளைகளில் அதுவே காரணமாகிறது.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மதுரை வட்டாரத்துக்கு ஒரு நடைமுறைத் திட்டம் கிடைக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், தியாகராசர் பொறியியல் கல்லூரி முதலிய நிறுவனங்களின் மாணவர்களுக்குக் கையெட்டும் தூரத்திலேயே பொருள் இருக்கிறது. மதுரையைச் சுற்றிய மலைகளின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளுக்கு எழுத்து வடிவத் தரவும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் துல்லியமான இடக்குறிப்பும், பொது உரிமத்தில் ஒளிப்படங்களும் தொகுக்கலாம். கல்வெட்டறிஞர் ஒருவர், நிரலாளர் ஒருவர் என ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். தேர்வுக்கு முன் ஒரு சிறு பங்களிப்பு; அதன்பின் 90 மணி நேர வேலை; நடுவில் ஒரு மதிப்பீடு. இவை உலக அனுபவம் தந்த பாடங்கள்.

இவற்றோடு நாம் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. திட்டம் அறிவிக்கப்படும் நாளிலேயே அதை ஏற்றுப் பராமரிக்கப்போகும் குழுவின் பெயரும் எழுதப்பட வேண்டும். மாணவர் விடைபெற்ற பின் வரும் பிழைகளைத் திருத்தவும், கேள்விகளுக்கு விடை சொல்லவும், அடுத்த மாணவருக்கு வேலையைப் புரியவைக்கவும் வழிகாட்டிக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். ஏற்க ஒரு குழு முன்வராத திட்டத்தை, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், மாணவர் கையில் கொடுக்கக்கூடாது. பதினெட்டு வயதில் ஒருவர் உழைத்து எழுதிய நிரலை வாங்கி வைத்துப் பேணுவதற்கு ஆளில்லாமல் விடுவது, அவர் கற்றதையே அவமதிப்பது ஆகும்.