பல்லாவரத்துக் கருங்கல்

நான் வளர்ந்த பல்லாவரத்தில், வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு இறக்கியது உள்ளூர்க் கருங்கல்தான். திரிசூலம் பக்கம் குவாரியில் வெடி வைத்தால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். நீலம் ஓடிய சாம்பல் நிறம். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுக்கு. அதற்குச் சார்னோகைட் என்று பெயர் இருப்பது கல்லூரியில் நிலவியல் படிக்கும்போதுதான் தெரிந்தது.

பெயர் வந்த கதை கல்கத்தாவில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693-இல் அங்கே இறந்தார். வங்காளத்து வண்டல் மண்ணில் கல் ஏது? அவர் கல்லறைக்குப் போட்ட பலகை சென்னைப் பக்கத்துப் பாறை. இருநூறு ஆண்டு கழித்து, 1893-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அது பரங்கிமலை, பல்லாவரம் பாறையேதான் என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். நம் மலைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயர் ஒரு கம்பெனி வியாபாரிக்குப் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இது எரிமலைக் குழம்புபோல உருகி உறைந்த பாறை என்பது ஹாலண்டின் கருத்து. அப்படிப் பிறந்த சார்னோகைட்டும் உண்டு. ஆனால் தென்னிந்தியாவில் பெரும்பகுதி உருமாறிய பாறை என்பதே பின்னால் வலுப்பட்டது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பழைய பாறை வெந்தது. நீரைப் பிடித்து வைத்திருந்த கருப்பு மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் சிதைந்து, நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உண்டானது. கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் இந்த மாற்றம் பாதியில் நின்றிருக்கிறது: வெளிறிய நைஸ் பாறையில், கரியமில வாயு ஏறி நீரை விரட்டிய வழியெல்லாம் கருத்த திட்டுகள். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அவ்வளவு ஆழத்தில் வெந்த கல் மேலே வர, அதன் தலைமேல் இருந்த மலைகள் முழுவதும் கரைய வேண்டியிருந்தது. அந்த உறுதியான கல்லில்தான் 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைவரை வெட்டுவித்தான். உளியால் அதைக் குடைந்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நம் காலத்தில் அதே பாறை ஜல்லியாகிச் சாலைக்கும் தளத்துக்கும் போய்விட்டது.

பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். சென்னைப் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும்.